காப்பிக் கடைப் பேரேடு

காப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஏ ஒன்!" என்று தலையாட்டுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். அது பிறந்ததும் ஒரு காப்பிக் கடையின் வாடிக்கைக்காரர்களிடம்தான். ஆனால் அவர்கள் தரம் போட்டது காப்பிக்கு அல்ல, கப்பலுக்கு!

லண்டன் மாநகரில், 1688-ஆம் ஆண்டு வாக்கில், டவர் தெருவில் எட்வர்டு லாயிட் என்பவர் ஒரு காப்பிக் கடை வைத்திருந்தார். 1691-ல் அதை லம்பார்டு தெருவுக்கு மாற்றினார். கப்பல் தலைவர்களும், வியாபாரிகளும், இன்ஷ்யூரன்ஸ் ஏற்கும் தனவந்தர்களும் அங்கே கூடுவார்கள். ஒரு காகிதத்தில் கப்பலின் பெயரும் சரக்கின் மதிப்பும் எழுதி, மேஜைக்கு மேஜை கொண்டு போவார்கள். நஷ்டத்தில் தம் பங்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் கீழே கையெழுத்திடுவார்கள். கப்பல் மூழ்கினால், கையெழுத்திட்டவர் சொந்தச் சொத்தை விற்றாவது கொடுத்தாக வேண்டும்.

அந்த மனிதரின் சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். அவர் காப்பி மேஜையின் முன் அமர்ந்திருக்கிறார். கப்பலோ எங்கோ ஒரு துறைமுகத்தில் நிற்கிறது. அதன் அடிப்பலகை உறுதியானதா, உளுத்ததா? நங்கூரமும் கயிறும் புயலைத் தாங்குமா? கண்ணால் காணாத ஒன்றை நம்பிக் குடும்பத்தின் செல்வத்தையே பணயம் வைக்க வேண்டியிருந்தது.

எனவே 1760-ல் அந்தக் கடையின் வாடிக்கைக்காரர்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்தார்கள். 1764-ல் அவர்கள் கப்பல்களின் பேரேடு ஒன்றைத் தயாரித்தார்கள். கப்பலின் பெயர், முந்தைய பெயர், தலைவர், சொந்தக்காரர், எடை கொள்ளும் அளவு, கட்டிய ஊர், கட்டிய ஆண்டு - இத்தனையும் வரிசையாக அதில் ஏறின. கப்பலின் உடலுக்கு ஏ, ஈ, ஐ, ஓ, யு என்று ஐந்து தரங்கள். தளவாடங்களுக்கு நல்லது, நடுத்தரம், மட்டம் என்று மூன்று. பிறகு தளவாடத்தின் தரத்தை எண்ணால் குறிக்கலானார்கள். 1775-76-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் 'ஏ ஒன்' தோன்றிவிட்டது. உடலும் முதல் தரம், தளவாடமும் முதல் தரம் என்று அதற்கு அர்த்தம்.

இவ்வளவு அருமையான ஏற்பாடு கெட்டுப் போனது எப்படி?

தொலைவிலிருந்து பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு சபலம் உண்டு. ஒவ்வொன்றையும் போய்ப் பார்ப்பது சிரமம். ஒரு விதி போட்டுவிட்டால் வேலை சுலபம். பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பேரேட்டுக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். கப்பல் எந்த ஊரில் கட்டப்பட்டது, அதன் வயது என்ன என்பதைக் கொண்டே பெரும்பாலும் தரத்தை நிர்ணயித்தார்கள். தேம்ஸ் நதிக்கரையில் பிறந்த கப்பலுக்கு முதல் தரம் நெடுநாள் நிலைக்கும். வேறு ஊரில் பிறந்தது எவ்வளவு நன்றாகப் பேணப்பட்டாலும், வயது வந்ததும் கீழே இறங்க வேண்டியதுதான். குலம் கோத்திரம் பார்த்து மாப்பிள்ளை தேடியவர்கள், அவன் உடம்பைப் பார்க்க மறந்தது போன்ற கதை!

கப்பல் சொந்தக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். 1799-ல் அவர்களே போட்டியாக ஒரு பேரேடு வெளியிட்டார்கள். பழையதற்குப் பச்சைப் புத்தகம் என்றும், புதியதற்குச் சிவப்புப் புத்தகம் என்றும் பெயர் வழங்கலாயிற்று. ஒன்று இன்ஷ்யூரன்ஸ்காரர்களின் புத்தகம். மற்றது கப்பல்காரர்களின் புத்தகம். நடுநிலையான புத்தகம் எது? பேரேட்டை நம்பிக் கையெழுத்திட்டவருக்குப் பணம்தான் போகும். அந்தக் கப்பலில் ஏறிய மாலுமிக்கு உயிரே போகும். அவனைக் கேட்டு எந்தப் புத்தகமும் எழுதப்படவில்லை.

சுமார் முப்பத்தைந்து ஆண்டுப் போட்டியில் இரண்டு புத்தகங்களும் நொடித்துப் போகும் நிலைக்கு வந்தன. அதன் பிறகே புத்தி வந்தது. 1834-ல் இரண்டும் ஒன்றாயின. வியாபாரி, கப்பல் சொந்தக்காரர், இன்ஷ்யூரன்ஸ்காரர் என்ற மூன்று தரப்பாரும் நிர்வாகக் குழுவில் அமர்ந்தார்கள். பரிசோதகர்கள் துறைமுகங்களுக்குச் சென்று கப்பலைச் சோதித்தார்கள். பிறந்த ஊரின் பெருமை மட்டும் தரத்தைத் தேடித் தருவது நின்றது.

இன்னொரு சிக்கல் பெயர். ஒரே பெயரில் பல கப்பல்கள் இருக்கும். ஒரே கப்பல் பல பெயர்களில் திரியும். இதற்கும் லாயிட்ஸ் பேரேட்டின் எண்களே பிற்காலத்தில் வழிகாட்டின. அவற்றை அடிப்படையாகக் கொண்ட ஏழு இலக்க எண்ணை, 1987-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஏற்றுக்கொண்டது. பெரிய கப்பல்களுக்கு 1996 முதல் அது கட்டாயமாயிற்று. பெயரும் கொடியும் உடைமையும் மாறினாலும் எண் மாறாது. முதல் ஆறு இலக்கங்களைக் கொண்டு கணக்கிட்டால் ஏழாவது இலக்கம் கிடைக்கும். ஆகவே எழுதும்போது கை தவறினால், பெரும்பாலும் அந்த எண்ணே காட்டிக் கொடுத்துவிடும்.

இன்று மூலைக் கடையிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது. லட்சக்கணக்கான விவரங்களை நொடியில் அடுக்கித் தருகிறது. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த கேள்வியை அது தானாகக் கேட்பதில்லை: இந்த விவரத்தை யார் போய்ப் பார்த்தார்கள்? எப்போது பார்த்தார்கள்?

நம் ஊர்க் காப்பிப் பிரியரை மெச்சத்தான் வேண்டும். கொட்டை எந்த மலையில் விளைந்தது என்று கேட்டுவிட்டு அவர் தரம் போடுவதில்லை. குடித்துப் பார்த்த பிறகே, "ஏ ஒன்" என்கிறார்.