வார்டு பெட்டி

வார்டு பெட்டி என்பது செடிகளை மூடிய நிலையில் வளர்க்கவும் நெடுந்தொலைவுக்கு எடுத்துச் செல்லவும் 19ஆம் நூற்றாண்டில் பயன்பட்ட கண்ணாடிப் பெட்டி ஆகும். இலண்டன் மருத்துவர் நத்தானியேல் பாக்சா வார்டு (1791–1868) இதை உருவாக்கினார். இன்று வீடுகளில் வைக்கப்படும் கண்ணாடித் தோட்டங்களுக்கு இதுவே முன்னோடி.

தோற்றம்

வார்டு கிழக்கு இலண்டனில் வாழ்ந்தார். நிலக்கரிப் புகையால் அவர் தோட்டத்தில் வளர்த்த பெரணிச் செடிகள் பட்டுப்போயின. 1829இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் புதைத்து, கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடிவைத்தார். சில நாட்களில் அம்மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. பகல் வெப்பத்தில் மண்ணிலிருந்து எழுந்த நீராவி கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து, நீர்த்துளியாகி மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. தண்ணீர் ஊற்றாமலேயே அச்செடிகள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே இறங்கிய பின்னரே அவை அழிந்தன.

கடற்பயணச் சோதனை

அக்காலத்தில் கப்பலில் நன்னீர் அரிது. உப்புக் காற்றும் செடிகளைக் கருக்கியது. சீனாவிலிருந்து அனுப்பப்படும் ஆயிரம் செடிகளில் ஒன்றே இங்கிலாந்தை உயிருடன் அடைகிறது என்று 1819இல் ஜான் லிவிங்ஸ்டன் கணக்கிட்டார். 1833இல் வார்டு இரண்டு பெட்டிகளைச் சிட்னிக்கு அனுப்பினார். செடிகள் நலமாகச் சென்றடைந்தன. 1834இல் ஆத்திரேலியச் செடிகளுடன் பெட்டிகள் திரும்பின. வழியில் ஆர்ன் முனையில் வெப்பநிலை 20 பாரன்கைட்டுக்கு இறங்கியது. நிலநடுக்கோட்டில் 120ஐத் தொட்டது. ஆயினும் செடிகள் பிழைத்தன.

பயன்பாடு

இராபர்ட் பார்ச்சூன் 1848 முதல் 1851 வரை மேற்கொண்ட பயணத்தில் சீனத் தேயிலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். உலர்ந்த தேயிலை விதைகள் விரைவில் முளைப்புத் திறனை இழக்கும். எனவே பெட்டியின் மண்ணிலேயே அவற்றை விதைத்தார். அவை வழியிலேயே முளைத்தன. 1876இல் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 1,919 இரப்பர் நாற்றுகள் 38 பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பிற்காலத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த இரப்பர்த் தோட்டங்களின் தொடக்கம் இதுவே.

குறைகள்

பெட்டி ஈரப்பதத்தைக் காத்ததே தவிர, வெப்பத்தைக் கட்டுப்படுத்தவில்லை. 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து உதகமண்டலத்துக்குக் கொண்டுவந்த சின்கோனாச் செடிகள் செங்கடல் வெப்பத்தில் நலிந்து, பிழைக்காமல் போயின. மறு ஆண்டு இராபர்ட் கிராசு எக்குவடோர் பகுதியிலிருந்து கொண்டுவந்த செடிகளே நீலகிரியில் வேரூன்றின. மேலும், பெட்டியிலிருந்த மண் செடியை மட்டும் காக்கவில்லை. அதில் ஒளிந்திருந்த பூச்சிகளையும் பூஞ்சைகளையும் சேர்த்தே காத்தது. இதனால் தாவர நோய்கள் நாடுவிட்டு நாடு பரவ வழி ஏற்பட்டது.

முடிவு

20ஆம் நூற்றாண்டில் நெகிழிப் பைகளும் வானூர்திகளும் வந்தபின் இப்பெட்டியின் தேவை குறைந்தது. எனினும் இதன் அடிப்படை மாறவில்லை. மூடிய கண்ணாடிக்குள் செடி வளர்ப்போர் இன்றும் அதை நேர்வெயிலில் வைப்பதில்லை. ஈரம் தங்கினாலும் வெப்பம் வெளியேற வழியில்லை என்பதே காரணம்.