அடிபட்டு இறந்தாரா, இறந்தபின் அடிபட்டதா?

ஊரில் திடீர் மரணம் ஒன்று நடந்தால், ஜனாஸாவைச் சீக்கிரம் அடக்கிவிட வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். பிரேத பரிசோதனை என்றதும் மனம் கனத்துப் போகிறது. அந்தப் பரிசோதனை எதற்காக என்பதற்குப் பழைய சீனாவில் நல்ல பதில் இருக்கிறது.

சுமார் 1,750 ஆண்டுகளுக்கு முன், வூ அரசில் ஜாங் ஜூ என்ற அதிகாரியிடம் ஒரு வழக்கு வந்ததாகப் பழைய சீன நூல்கள் சொல்கின்றன. வீடு தீப்பற்றிக் கணவன் இறந்தான் என்றாள் மனைவி. கணவனின் உறவினருக்குச் சந்தேகம். அதிகாரி இரண்டு பன்றிகளில் ஒன்றைக் கொன்றும், மற்றதை உயிரோடும் எரிக்கச் செய்தார். உயிரோடு எரிந்ததன் வாயில் சாம்பல் இருந்தது, மற்றதில் இல்லை. இறந்தவனின் வாயிலும் சாம்பல் இல்லை. மனைவி குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

1247 இல் சொங் ட்ஸு என்ற நீதிபதி, மரண விசாரணை செய்யும் அதிகாரிகளுக்காக ஒரு கைநூல் எழுதினார். உயிரோடு இருக்கும்போது வெட்டினால் தசை சுருங்கும், இரத்தம் ஊறியிருக்கும்; இறந்தபின் வெட்டினால் தசை வெளிறிக் கிடக்கும் என்றார். எலும்பு முறிவிலும் இரத்தக் கறையைத் தேடச் சொன்னார்.

இன்னொன்றையும் எழுதினார். சிலர் ஒரு மரப்பட்டையை உடலில் வைத்துக் கட்டிப் பொய்க் கன்றல் உண்டாக்கி, அப்பாவி மீது கொலைப்பழி போடுவார்களாம். இறந்தபின் கட்டினால் சுற்றிலும் நிறம் பரவாது, ஏனெனில் இரத்தம் ஓடுவதில்லை என்று காரணமும் சொன்னார்.

இன்றைய அடிப்படையும் அதுதான். இதயம் துடிக்கும் வரைதான் உடல் காயத்துக்குப் பதில் சொல்லும். சட்ட வைத்திய அதிகாரி மூச்சுக்குழாயில் புகைக்கரி உண்டா, இரத்தத்தில் காபனோரொட்சைட்டு ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார். காயத்தில் வெண்குருதிக் கலங்கள் திரண்டுள்ளனவா என்று நுணுக்குக்காட்டியில் தேடுகிறார். மரணத்துக்குச் சற்று முன்போ பின்போ ஏற்பட்ட காயத்தைப் பிரித்தறிவது இன்றும் கடினம். அதனால்தான் அவசரப்படுத்தக் கூடாது.

கொல்லப்பட்டவருக்கு நீதி கிடைப்பதும், பழி சுமந்தவர் விடுபடுவதும் இந்தப் பரிசோதனையில் தங்கியிருக்கலாம். சில மணி நேரம் பொறுத்திருப்பது இறந்தவருக்கு நாம் செய்யும் கடமைதான்.