கூடாரத்தில் பிறந்த வார்டு

வேலூரை அடுத்த பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. அங்கே ஒருவரை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமானால் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்கியாக வேண்டும். கனடாவிலிருந்து வந்த மனநல மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் காலத்தில், 1957இல், மையம் தொடங்கியபோதே வந்த ஏற்பாடு இது. "சேர்த்துட்டுப் போகலாம்னுதானே வந்தோம்" என்று நினைத்து வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும்.

சேர்த்துவிட்டுப் போவது என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது? நம் பெரியாஸ்பத்திரிகளில் பிரசவமோ எலும்பு முறிவோ, எதுவானாலும் கட்டிலுக்கடியில் பாய் விரித்து ஓர் அத்தையோ சித்தியோ படுத்திருப்பார். மனநோய்க்கு மட்டும்தான் வேறு நியாயம். 1912ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டப்படி மாஜிஸ்திரேட் உத்தரவோடு ஒருவரை மனநல மருத்துவமனைக்குள் அனுப்ப முடிந்தது. உத்தரவு கைக்கு வந்ததும் குடும்பத்தின் வேலை முடிந்தது போலத்தான். உயரமான மதில், பூட்டிய கதவு, எப்போதாவது ஒரு கடிதம். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே குணசீலம் பெருமாள் கோயிலில் மனம் பேதலித்தவர்களோடு வீட்டாரும் ஒரு மண்டலம் தங்குவது வழக்கம். ஏர்வாடி தர்காவிலும் அப்படித்தான். நவீன மருத்துவமனை வந்துதான் சொந்தபந்தத்தை வாசலோடு திருப்பி அனுப்பியது.

அந்த வாசலைத் திறந்தது வேலூர் அல்ல, அமிர்தசரஸ். அங்கும் யாரும் கொள்கை வகுத்துத் திறக்கவில்லை. இடமும் ஆளும் போதாமல் திறந்தார்கள். தேசப் பிரிவினையில் பஞ்சாபின் பெரிய மனநல மருத்துவமனை லாகூரோடு பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. அங்கிருந்த இந்து, சீக்கிய நோயாளிகளை 1950இல் எல்லை தாண்டி அனுப்பிவைத்தார்கள். உருது எழுத்தாளர் மண்டோவின் 'டோபா டேக் சிங்' கதைக்குப் பின்னால் இருப்பது இந்தப் பரிமாற்றம்தான். வந்தவர்களில் பலர் அமிர்தசரஸ் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். கட்டில் கொஞ்சம், நர்ஸ் அதைவிடக் கொஞ்சம். அதன் கண்காணிப்பாளர் டாக்டர் வித்யாசாகர், ராணுவத்திடம் கூடாரங்களை இரவல் வாங்கி மருத்துவமனை வளாகத்தில் அடித்தார். நோயாளியோடு வீட்டாரையும் அங்கே தங்கச் சொன்னார்.

ஆள் பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடு வேறு ஒரு வேலையையும் செய்தது. வீட்டாரையும் நோயாளிகளையும் ஒன்றாக உட்காரவைத்து, மத நூல்களிலிருந்து கதைகளை எடுத்துச் சொல்லி, இது என்ன நோய், எப்படித் தணியும் என்று பேசினார் வித்யாசாகர். ஆனால் அந்தப் பேச்சைவிடப் பெரிய பாடம் பக்கத்துக் கூடாரம்தான் என்பது என் எண்ணம். போன வாரம் கத்திக்கொண்டிருந்த பையன் இந்த வாரம் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்த தாய்க்கு, இது தீராது என்று இனி யாரும் சொல்லிவிட முடியாது. தங்கள் வீட்டில் மட்டும்தான் இந்தச் சாபம் என்று அதுவரை நினைத்திருந்தவர்கள், வரிசையாகக் கூடாரங்களைப் பார்த்தார்கள். குணமானவரைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். மதிலுக்குள் விட்டுவிட்டுப் போன குடும்பம் திரும்பி வருவதுதான் அபூர்வம். கூடவே இருந்த குடும்பத்துக்குத் திரும்பி வரவேண்டிய அவசியமே இல்லை.

வேலூர் இதை முறையான சிகிச்சையாக்கியது. தங்குகிறவர்கள் வேடிக்கை பார்க்க வரவில்லை. அவர்களே சமைத்துப் பரிமாறுகிறார்கள், கூடவே பாடமும் கற்கிறார்கள். மாத்திரையை விழுங்கினானா, நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டானா என்று பார்க்கத் தெரிய வேண்டும். மருந்தால் கை நடுங்குவதையும் பயத்தால் நடுங்குவதையும் பிரித்தறிய வேண்டும். இரண்டு ராத்திரி தூங்கவில்லை, குளிக்க மாட்டேன் என்கிறான், தனியாகச் சிரிக்கிறான் என்றால் அடுத்த மாதம் வரை காத்திருக்கக் கூடாது. அதைவிடக் கடினமான பாடம், "சோம்பேறி" என்று திட்டாமல் இருப்பது. எழுந்திருக்க மனம் வராததும் நோயின் பகுதிதான் என்பதை நம் வீடுகள் அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்வதில்லை. 1970களில் பெங்களூரில், பிற்பாடு நிம்ஹான்ஸ் ஆன நிறுவனத்திலும், குடும்பத்தோடு சேர்க்கும் வார்டு வந்தது.

குடும்பம் என்றவுடன் உருகிவிடவும் வேண்டாம். கூடத் தங்குகிறவர் பெரும்பாலும் தாய், இல்லையென்றால் மனைவி. தினக்கூலி வீட்டில் ஓர் ஆள் பல வாரம் உட்கார்ந்தால் அந்தக் கூலி போச்சு. கூட வர ஆளே இல்லாதவருக்கு இந்த ஏற்பாட்டில் இடம் ஏது? 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டு, ஓட முடியாமல் கருகிய 28 பேரில் பலர் வீட்டார் கொண்டுவந்து விட்டுப்போனவர்கள்.

வார்டில் தங்கிப் பழகிய உறவினர்கள் ஊர் திரும்பினால் பக்கத்துக் கூடாரம் கிடையாது. சென்னையில் அந்தக் குறை வேறு விதமாகத் தீர்ந்தது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக நெடுங்காலம் இருந்த டாக்டர் சாரதா மேனன், 1984இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகளைக் கூட்டிவந்து பழகிய பெற்றோர்கள் சேர்ந்து 1989இல் 'ஆஷா' என்ற அமைப்பைத் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். இது டாக்டர் கூப்பிட்டு நடக்கிற கூட்டம் அல்ல. எந்த மாத்திரைக்கு எப்படிப் பசிக்கும், கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால் பிள்ளையைக் கூட்டிப்போவதா, அக்கம்பக்கத்தில் என்ன சொல்வது என்பதெல்லாம் இப்படி ஒன்றுகூடும் பெற்றோர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற விஷயம். அறுபது, எழுபது வயதைத் தாண்டும்போது பேச்சு "எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்" என்பதில் வந்து நிற்கிறது. கூடத் தங்க ஆள் வேண்டும் என்ற பாகாயம் நிபந்தனையில் அதற்குப் பதில் இல்லை. அரசாங்கத்திடமும் இன்னும் சரியான பதில் இல்லை.