வெள்ளிக்கிழமையும் மீன்சட்டியும்

பருத்தித்துறையில கடல் வாசலிலேயே கிடக்கு. ஆனாலும் வெள்ளிக்கிழமை எண்டால் எங்கட வீட்டில் மீன்சட்டி அடுப்பேறாது. "இண்டைக்கு மச்சமில்லை" என்று அம்மம்மா சொன்னால் சரி.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் கோயில் மட்டுமல்ல, அச்சுக்கூடமும் இருக்கு. மிஷனரிகளின் பிரசாரத்துக்கு எதிராக நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் நடத்தினார். கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதை எதிர்த்தார். அவரது 'சைவ வினாவிடை' புலால் உண்பதைப் பாவங்களோடு சேர்த்தது. அந்தக் காலத்து ஊடகம் அதுதான்.

ஊர் முழுசாகக் கேட்கவில்லை, பாருங்கோ. வெள்ளி கோயிலுக்கு, மற்ற நாள் கடலுக்கு என்று பங்கு போட்டுக்கொண்டது. ஆனால் 'சுத்தம்' என்ற பேச்சு சாப்பாட்டுத் தட்டோடு நிற்கவில்லை, ஆட்களிலும் ஒட்டியது. யாழ்ப்பாணத் தேநீர்க்கடைகளில் சாதி பார்ப்பதை 1957 சட்டம் தடுத்தது. அதற்குப் பிறகும், 1960களில், உள்ளே போய் இருந்து தேத்தண்ணி குடிக்கப் போராட வேண்டியிருந்தது.

அம்மம்மா வெள்ளி விரதம் விடேல்லை. வியாழன் இரவு மட்டும் மிச்ச மீன்குழம்பை முடிக்கச் சொல்லி எங்களைப் போட்டுக் கலைப்பா.