பெயர் பொறிக்கப்படாத மூலைக்கல்

ஆலயம் எழுப்பும்போது மூலைக்கல் நாட்டுகிறோம். ஆயரின் பெயர், பங்குத் தந்தையின் பெயர், ஆண்டு, நாள் யாவும் அந்தக் கல்லில் பொறிக்கப்படுகின்றன. பொருளுதவி செய்தவர்களின் பெயர்களைச் சுவரில் பதிக்கிறோம். இவையெல்லாம் முறையே. ஆனால் கல்லும் மண்ணும் சுமந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றிய தாய்மாரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் ஏறுவதில்லை. ஒரு பங்கின் வரலாற்றை எழுதப் புகுவோருக்கு ஏடுகளில் குருக்களின் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. அடுப்படியில் நின்றவர்களின் பெயர்கள் கிடைப்பது அரிது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

அத்தகைய தாய் ஒருவரின் வரலாற்றை இந்த ஜூபிலி மலரில் பங்கு மக்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் இத்தாலி நாட்டு உழவர் குடும்பத்துப் பெண்மணி; எழுதப் படிக்கத் தெரியாதவர். பள்ளிகளும் தொழிற்கூடங்களும் விடுதிகளும் நடத்திவரும் சலேசிய சபையை நிறுவிய புனித தொன் போஸ்கோவை அறியாதவர் நம்மிடையே இலர். அவரைப் பெற்றெடுத்த மார்கரீத்தா அம்மாளே இக்கட்டுரையின் நாயகி. 'புனிதரைப் பெற்றவர்' என்ற ஒரே பெருமையோடு அவரை நிறுத்திவிடுவது நியாயமாகாது. சபை தோன்றுவதற்கு முன்பே அதற்கு ஒரு வீட்டை அமைத்துக் கொடுத்தவர் அவர் என்பதே வரலாறு காட்டும் உண்மை.

இளம் விதவை

மார்கரீத்தா ஒக்கியேனா 1788ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், வட இத்தாலியின் பியெமோந்து பகுதியில் காப்ரீலியோ என்னும் சிற்றூரில் பிறந்தார். 1812ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் பிரான்சிஸ் போஸ்கோ என்னும் உழவருக்கு வாழ்க்கைப்பட்டார். பிரான்சிஸ் முதல் மனைவியை இழந்தவர். அந்த மனைவியின் மகன் அந்தோணி சிறுவனாக இருந்தான். பிரான்சிஸின் வயது முதிர்ந்த தாயும் உடனிருந்தார். ஆக, புகுந்த வீட்டில் கால் வைத்த அன்றே மார்கரீத்தா ஒரு பிள்ளைக்குத் தாயானார். பிறகு 1813இல் சூசையும், 1815ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் ஜானும் பிறந்தார்கள்.

1817ஆம் ஆண்டு மே மாதத்தில் இடி விழுந்தது. வியர்க்க விறுவிறுக்க வேலை செய்த பிரான்சிஸ் குளிர்ந்த நிலவறைக்குள் இறங்கினார். அன்று மாலையே காய்ச்சல் கண்டது. நுரையீரல் அழற்சியால் சில நாட்களில் கண்மூடினார். அவருக்கு வயது 33, மார்கரீத்தாவுக்கு 29. கடைக்குட்டி ஜானுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை.

அந்த ஆண்டு பஞ்ச ஆண்டு. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய புகையும் தூசும் வானத்தில் பரவியதால், மறு ஆண்டு ஐரோப்பாவின் பல பகுதிகளில் கோடையே இல்லாமற் போயிற்று, விளைச்சல் பொய்த்தது. பியெமோந்தில் வறட்சியும் சேர்ந்துகொண்டது. வாயில் புல்லோடு வயல்களில் பிணமாகக் கிடந்தவர்களைப் பற்றித் தொன் போஸ்கோ தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வீட்டில் இருந்த தானியம் தீர்ந்தது. பணத்துடன் சந்தைக்குப் போன அண்டை வீட்டுக்காரர் வெறுங்கையோடு திரும்பினார். எந்த விலைக்கும் தானியம் இல்லை. மார்கரீத்தா பிள்ளைகளை முழந்தாளிடச் செய்து ஜெபித்தார். பிறகு எழுந்து தொழுவத்துக்குச் சென்று, அண்டை வீட்டாரின் உதவியோடு கன்றுக்குட்டியை அறுத்துச் சமைத்தார். உழவர் வீட்டில் கன்று என்பது விதைநெல்லுக்குச் சமம். ஆயினும் நாளைய வரவைப் பார்த்து இன்றைய பசியை மறுக்க அந்தத் தாய்க்கு மனம் வரவில்லை.

பஞ்சம் நீங்கிய பின் வசதியான இடத்திலிருந்து மறுமணப் பேச்சு வந்தது. பிள்ளைகளை ஒரு பாதுகாவலர் பொறுப்பில் விடலாம் என்றார்கள். பாதுகாவலர் நல்ல நண்பராக இருக்கலாம், தாயாக முடியாது என்பது மார்கரீத்தாவின் எண்ணம். அவர் மறுத்துவிட்டார். நோயுற்ற மாமியாரை 1826இல் அவர் இறக்கும்வரை உடனிருந்து பேணினார்.

பெற்ற பிள்ளையும் பெறாத பிள்ளையும்

வீட்டு மூலையில் ஒரு பிரம்பு இருந்தது. அதை அவர் எடுத்து அடித்ததில்லை என்பது சலேசியர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. எண்ணெய்ச் சாடியை உடைத்துவிட்ட சிறுவன் ஜான், தானே ஒரு பிரம்பைச் சீவி எடுத்துக்கொண்டு வயலிலிருந்து திரும்பும் தாயை எதிர்கொண்டானாம். தாய் சிரித்துவிட்டார். ஏடு படிக்க அறியாத அவர் ஞானோபதேசத்தை மனப்பாடமாகவே கற்றிருந்தார்; அப்படியே பிள்ளைகளுக்கும் கற்பித்தார். இரவில் விண்மீன்களையும், அறுவடை நாளில் கதிர்களையும் காட்டி, படைத்தவரின் நன்மையைச் சொல்லிக் கொடுப்பார்.

ஆனால் அவ்வீட்டில் எப்போதும் அமைதி நிலவியது என்று எழுதினால் அது உண்மையாகாது. ஜான் படிக்க ஆசைப்பட்டான். மூத்தவன் அந்தோணிக்கு அது பொறுக்கவில்லை. தந்தையை இழந்து, இளவயதிலேயே நிலத்தில் உழைத்து உடல் தேய்ந்தவன் அவன். மண்வெட்டி பிடிக்க வேண்டிய கையில் புத்தகம் எதற்கு என்று கேட்டான். சச்சரவு நாளுக்கு நாள் முற்றியது.

மார்கரீத்தா என்ன செய்தார் என்பதை நாம் நின்று கவனிக்க வேண்டும். மாற்றாந்தாய் ஒருத்தி தன் பிள்ளைக்காக மூத்தாள் மகனை வெளியேற்றும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே நடந்தது வேறு. பன்னிரண்டு வயதான தம் சொந்த மகனையே, குளிர் மிகுந்த பிப்ரவரி மாதத்தில், எங்காவது பண்ணையில் வேலை தேடிக்கொள்ளுமாறு அனுப்பினார். ஜான் மாடு மேய்க்கும் பையனாக மோலியா குடும்பத்தின் பண்ணையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருந்தான். பெற்ற பிள்ளையைப் பிரிந்து, பெறாத பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்ட அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைத் தாய்மாரே அறிவர். பின்னர்ப் பாகப்பிரிவினை செய்து அந்தோணிக்கு உரிய பங்கைக் கொடுத்த பிறகே ஜானின் படிப்புக்கு வழி திறந்தது.

1841ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் ஜான் குருப்பட்டம் பெற்றார். குருவாகிப் பணக்காரனானால் உன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று மகனிடம் முன்னரே சொல்லி வைத்திருந்த தாய் அவர்.

ஐம்பத்தெட்டு வயதில் ஒரு புறப்பாடு

அக்காலத்தில் தூரின் நகரம் விரைவாக வளர்ந்துகொண்டிருந்தது. மலைக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் கொத்தனாருக்குக் கையாளாகவும் புகைபோக்கி துடைப்பவராகவும் வந்து குவிந்தனர். தங்க இடமின்றித் தெருவில் திரிந்தவர் பலர். சிறைக்குச் சென்றவரும் உண்டு. இவர்களை ஞாயிறுதோறும் கூட்டி வைத்து மறைக்கல்வியும் விளையாட்டும் நடத்தி வந்தார் இளங்குரு தொன் போஸ்கோ. 1846 ஜூலையில் கடும் நோயுற்றுச் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். உடல் தேறத் தம் ஊரான பெக்கிக்கு வந்தார். திரும்பிச் சென்று தங்க வேண்டிய வால்தோக்கோ பகுதியோ குடிக்கடையும் கெட்ட பெயரும் கொண்ட இடம். இளங்குரு ஒருவர் அங்கே தனித்து வாழ்தல் தகாது. தாயை உடன் அழைத்துச் செல்லுமாறு ஊர்ப் பங்குத் தந்தை யோசனை கூறினார்.

மார்கரீத்தாவுக்கு அப்போது வயது 58. மகன் சூசையின் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருந்தார். நம் ஊரில் இந்த வயதில் திண்ணையில் அமர்ந்து ஜெபமாலை உருட்டுவார்கள். அவரோ ஆண்டவருக்கு உகந்தது என்றால் வருகிறேன் என்று எழுந்துவிட்டார். 1846 நவம்பர் 3ஆம் நாள் தாயும் மகனும் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தூரத்தை நடந்தே கடந்தனர். தாயின் கையில் துணிகள் அடங்கிய ஒரு கூடை. மகனின் கையில் திருப்பலிப் புத்தகமும் கட்டளை ஜெபப் புத்தகமும். வழியில் எதிர்ப்பட்ட குரு நண்பர் ஒருவர், இவர்களிடம் ஒரு காசும் இல்லை என்று அறிந்து தம் கடியாரத்தையே எடுத்துக் கொடுத்தாராம். அக்காலத்துக் கடியாரம் சட்டைப் பையில் வைக்கும் சங்கிலிக் கடியாரம்.

வால்தோக்கோவின் அன்னை

முதல் மாதங்களிலேயே செலவு கழுத்தை நெரித்தது. மார்கரீத்தா தம் திருமணச் சீரை எடுத்தார். உடைகள் திருவுடைகளாயின, வெள்ளைத் துணிகள் பீடத்துக்குப் பயன்பட்டன. தங்கச் சங்கிலியும் மோதிரமும் விலை போயின. நம் வீட்டுப் பெண்கள் தாலிச் சங்கிலியை எத்தகைய நெருக்கடிக்கு அடகு வைப்பார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். கணவர் இறந்து முப்பது ஆண்டுகளாகியும் காத்து வைத்திருந்த நகை அது.

1847ஆம் ஆண்டு மே மாதத்தில் மழை கொட்டிய ஓர் இரவு. பதினைந்து வயது மதிக்கத்தக்க அநாதைப் பையன் ஒருவன் நனைந்த உடலோடு கதவைத் தட்டினான். இதற்குமுன் இப்படித் தங்க வைக்கப்பட்ட பையன்கள் சிலர் விடிவதற்குள் போர்வைகளோடு ஓடியிருந்தார்கள். ஆயினும் மார்கரீத்தா அவனை அடுப்பருகே உட்கார வைத்தார்; சூடான சூப்பும் ரொட்டியும் கொடுத்தார். சமையலறையில் செங்கல் அடுக்கிப் பலகை போட்டு, வைக்கோல் மெத்தை விரித்துப் படுக்கை அமைத்தார். உறங்குமுன் உழைப்பைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் இறைப்பற்றைப் பற்றியும் நாலு வார்த்தை பேசினார். இன்றும் சலேசிய இல்லங்களில் இரவு ஜெபத்துக்குப் பின் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் சிறு நல்லுரை அன்று அந்தச் சமையலறையில் தொடங்கியதே. அந்த ஒருவனிலிருந்து விடுதி வளர்ந்தது. சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே உண்டு உறங்கினர்.

அவர்களுக்கெல்லாம் சமைப்பதும் துவைப்பதும் கிழிசல் தைப்பதும் அவர் வேலை. செலவைக் குறைக்க ஒரு காய்கறித் தோட்டம் போட்டார். ஒரு நாள் பையன்கள் போர் விளையாட்டு ஆடி, அந்தத் தோட்டத்தை மிதித்துத் துவைத்துவிட்டார்கள். உலர்த்திய துணி மண்ணில், பாத்திரம் ஒரு பக்கம், பிய்ந்த சட்டை ஒரு பக்கம் என்று நாள்தோறும் கண்டு களைத்த அந்த மூதாட்டி, ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டார். தொன் போஸ்கோ பதில் பேசவில்லை. சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைக் கைகாட்டினார். தாயின் கண்கள் நிறைந்தன. நீ சொல்வது சரிதான் என்று மீண்டும் மேலாடையைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குச் சென்றார். அவரும் சலித்தார், அவரும் அழுதார் என்பதை இந்நிகழ்ச்சி மறைக்காமல் காட்டுகிறது. அதனாலேயே அவர் நமக்கு நெருக்கமாகிறார்.

1854இல் தூரினில் வாந்திபேதி பரவியது. வால்தோக்கோ இளைஞர்கள் நோயாளிகளுக்குப் பணிசெய்யப் புறப்பட்டனர். போர்வை வேண்டும், துணி வேண்டும் என்று ஓடிவந்தவர்களுக்கு மார்கரீத்தா இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். இறுதியில் பீடத்துணியையும் கொடுத்தார். தம் மணத்துணியைப் பீடத்துக்குக் கொடுத்தவர், பீடத்துணியை நோயாளிக்குக் கொடுத்ததில் முரண்பாடு ஏதும் காணவில்லை. பணிசெய்த இளைஞர் ஒருவரையும் நோய் தொடவில்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் விடுதிக்கு வந்த தோமினிக் சாவியோ பின்னாளில் புனிதரானார். பின்னர்ச் சபைத் தலைவரான முத்திப்பேறு பெற்ற மிக்கேல் ரூவாவும் அந்த அன்னையின் கண்முன் வளர்ந்தவரே.

கல்லறை இல்லாத அன்னை

1856 நவம்பரில் மார்கரீத்தா அம்மாள் நுரையீரல் அழற்சியால் படுத்தார். தம் வேதனையைக் கண்டு மகன் கலங்குவதைப் பொறுக்காமல், அவரை அறையிலிருந்து போகச் சொன்னார். நவம்பர் 25ஆம் நாள் அதிகாலையில் தமது 68ஆம் வயதில் உயிர் நீத்தார். புத்தாடை வாங்கிக்கொள்ள மகன் கொடுத்த பணமெல்லாம் பையன்களின் தேவைக்கே போய்விட்டதென்பர். ஏழையாகப் பிறந்து ஏழையாக வாழ்ந்தவர் ஏழைகளோடு பொது நிலத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இன்று அவருக்கென்று காட்டக் கல்லறை ஏதுமில்லை.

அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1859 டிசம்பர் 18ஆம் நாள் சலேசிய சபை தோன்றியது. 1877இல் தொன் போஸ்கோ தம் கல்வி முறையை ஒரு சிறுநூலாக எழுதினார். அடித்துத் திருத்துவதல்ல, அருகிருந்து தவறாமல் காப்பதே அதன் சாரம். மூலையில் சாத்திய பிரம்பையும், அதை எடுக்காத கையையும் அறிந்தவர்களுக்கு அம்முறையின் பிறப்பிடம் தெரியும். 1906இல் அருள்தந்தை ஜார்ஜ் தொமாத்திஸ் தலைமையில் சலேசியர் தஞ்சாவூர் வந்து சேர்ந்தபோது, அந்த அடுப்பின் கனல் நம் மண்ணுக்கும் வந்தது என்று சொல்லலாம். 1934ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று தொன் போஸ்கோ புனிதராக உயர்த்தப்பட்டார். அன்று ஏப்ரல் 1, தாயின் பிறந்தநாள். 2006இல் மார்கரீத்தா அம்மாளின் வீரத்துவப் புண்ணியங்களைத் திருச்சபை ஏற்று, அவருக்கு வணக்கத்துக்குரியவர் என்ற நிலையை அளித்தது.

அன்பார்ந்த பங்கு மக்களே! நமக்கு இவர் வரலாறு சொல்லும் செய்தி ஒன்று உண்டு. திருநாள் தோறும் அன்னதானத்துக்கு விறகடுப்பு மூட்டியவர்கள், கோயிலுக்கு வந்த அயலூராருக்குத் தம் பங்குச் சோற்றைப் பகிர்ந்தவர்கள், அநாதைப் பிள்ளையைத் தம் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தவர்கள் நம் குடும்பங்களிலும் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் வயது முதிர்ந்த சிலரின் நினைவில் மட்டுமே இன்னும் இருக்கின்றன. அந்த முதியோர் இருக்கும்போதே கேட்டறிந்து, உங்கள் வீட்டுப் பாட்டிமாரின் பெயரையும் அவர் செய்த நன்மையையும் இம்மலரின் கடைசிப் பக்கத்து வெற்றிடத்தில் உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். அடுத்த ஜூபிலிக்கு மலர் தொகுப்போருக்கு அதைவிடச் சிறந்த ஆவணம் வேறு இராது.