அப்போ தீவு மீனவர்களும் 450 மீட்டர் கடலும்

பிலிப்பைன்ஸ் நாட்டில் நீக்ரோஸ் என்ற பெரிய தீவின் தென்கிழக்கு முனைக்கு அருகில் அப்போ என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. (தமிழில் எழுதினால் "அப்போ வரட்டுமா?" மாதிரி இருக்கிறது, என்ன செய்ய!) பழைய எரிமலையால் உண்டான தீவு. சில நூறு பேர்தான் அங்கே வாழ்கிறார்கள், பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள். உலகில் கடல் பாதுகாப்பு பற்றி எங்கே பேசினாலும் இந்தத் தீவின் பெயர் வந்துவிடுகிறது. அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

கதை அப்போவில் தொடங்கவில்லை, சுமிலோன் என்ற வேறொரு தீவில் தொடங்குகிறது. 1974-ல் டுமாகெட்டே நகரத்தின் சில்லிமான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலாவின் முயற்சியால், சுமிலோனைச் சுற்றியுள்ள பவளப்பாறையில் ஏறத்தாழ கால் பங்கில் மீன் பிடிக்கத் தடை வந்தது. மீதி முக்கால் பங்கில் வழக்கம்போலப் பிடிக்கலாம். பத்து வருடம் இது நடந்தது. 1984-ல் உள்ளூர் அரசியல் புகுந்து காவல் குலைந்தது, தடை செய்யப்பட்ட பகுதியிலும் வலையும் வெடியும் இறங்கின.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மீன் பிடிக்கும் இடம் கூடியிருக்கிறது, அப்படியானால் பிடிபடும் மீனும் கூட வேண்டும் அல்லவா? குறைந்தது! அல்காலாவும் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கேரி ரஸ்ஸும் அளந்து பார்த்தபோது, தீவின் மொத்த மீன்பாடு ஏறக்குறைய பாதியாகிவிட்டிருந்தது. மூடி வைத்த அந்தக் கால் பங்கிலிருந்து பெருகிய மீன்கள்தான் வெளியே வந்து மற்ற முக்கால் பங்கையும் நிரப்பிக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு நல்ல சோதனை கிடைத்திருக்காது. தோல்வியே சாட்சியான விசித்திரம் இது.

அப்போவுக்கு வருவோம். வெடி, சயனைடு, சின்னக் கண் வலை, பாறையைக் கல்லால் தட்டித் தட்டி மீனை விரட்டிப் பிடிக்கும் "மூரோ ஆமி" என்று எல்லாவற்றாலும் அந்தப் பகுதிக் கடல் அடி வாங்கியிருந்தது. 1970களின் முடிவில் சில்லிமான் குழுவினர் அங்கே போய்ப் பேசத் தொடங்கினார்கள். "கடலில் கொஞ்சத்தை மூடு" என்று அன்றாடம் காய்ச்சியிடம் சொன்னால் யார் கேட்பார்கள்? பேச்சு ஏறத்தாழ மூன்று வருடம் நீண்டது. மீனவர்கள் சிலரைச் சுமிலோனுக்கே கூட்டிப்போய் மூடிய பகுதியில் திரியும் மீன்களைக் காட்டினார்கள். 1982-ல் சில குடும்பங்கள் சம்மதிக்க, தீவின் தென்கிழக்குப் பக்கம் சுமார் 450 மீட்டர் நீளத்துக்குப் பாறை மூடப்பட்டது. அது மொத்த மீன்பிடி இடத்தில் பத்தில் ஒரு பங்குதான். காவலுக்கும் வெளியிலிருந்து ஆள் வரவில்லை, ஊர்க்காரர்களே முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 1980களின் நடுவில் டாவின் நகராட்சி இதைச் சட்டமாக்கியது. தீவைச் சுற்றி 500 மீட்டர் வரை நாசகாரக் கருவிகளுக்குத் தடை, தூண்டிலுக்கும் கூட்டுக்கும் தடையில்லை.

வருடங்கள் போகப் போக உள்ளே பெரிய மீன்கள் கூடின. மீன் கூடியதும் அதைப் பார்க்க முக்குளிப்பவர்கள் வந்தார்கள். தங்கும் விடுதி வந்தது, பெண்கள் துணியும் டி-ஷர்ட்டும் விற்றார்கள். சுற்றுலா பின்னால் வந்த விளைவுதான், அதை நோக்கி யாரும் இதை ஆரம்பிக்கவில்லை. இந்த வரிசை முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது, முதலில் விடுதி கட்டிவிட்டுப் பிறகு பாதுகாப்பு பேசும் இடங்கள்தானே அதிகம்!

1994-ல் மத்திய அரசு அப்போவைத் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அப்போது நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர் அதே அல்காலாதான். கௌரவம்தான், ஆனால் அதுவரை ஊர்க்குழு கையிலிருந்த அதிகாரம் பல தரப்பினர் உட்காரும் ஒரு வாரியத்துக்குப் போனது. 1999 முதல் பயணிகளிடம் கட்டணம் வசூலிக்கப்பட்டது. சட்டப்படி அதில் 75 சதவீதம் தீவுக்கு, 25 சதவீதம் மத்திய நிதிக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பணம் தலைநகர்க் கருவூலத்துக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் தாமதமாகிறது என்று தீவில் முணுமுணுப்பு எழுந்தது. நாம் காத்த கடலின் காசுக்கு நாமே மனுப் போட வேண்டுமா என்பது நியாயமான கேள்விதான்.

பிறகு வந்தது புயல். 2011 டிசம்பரில் ஒன்று, 2012 டிசம்பரில் இன்னொன்று. 30 வருடம் காத்த அந்தத் தென்கிழக்குப் பாறைதான் நேரடியாக அடி வாங்கியது, பவளம் பெரும்பாலும் நொறுங்கியது. அந்தப் பகுதி பயணிகளுக்கு மூடப்பட்டது. தீவின் மறுபக்கம், இத்தனை காலமும் தூண்டிலும் கூடும் போட்டுப் பிழைத்த மேற்குப் பகுதி, பெரும்பாலும் தப்பித்தது. அங்கே வெடியையும் சயனைடையும் ஊர்க்காரர்கள் முன்பே விரட்டியிருந்ததால் பாறை உயிரோடு இருந்தது. புயலுக்குப் பிறகு முக்குளிப்பவர்கள் அந்தப் பக்கம்தான் இறங்கினார்கள்.