தைப்பே – ஷாங்காய் வான்வழித் தொலைவு

தைப்பே – ஷாங்காய் வான்வழித் தொலைவு என்பது தைவானின் தைப்பே நகருக்கும் சீனாவின் ஷாங்காய் நகருக்கும் இடையேயான நேர்வழித் தொலைவாகும். தாவோயுவான், பூடோங் ஆகிய பன்னாட்டு விமான நிலையங்களுக்கு இடையே இது சுமார் 675 கி.மீ. (365 கடல் மைல்). பயண நேரம் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம் ஆகும். இத்தொலைவு மாறாதிருந்தும், பல பத்தாண்டுகளாகப் பயணிகள் இதன் மும்மடங்கு தூரம் பறக்க வேண்டியிருந்தது.

கணக்கீடு

தாவோயுவான் விமான நிலையம் வடக்கு அட்சரேகை 25.1 பாகையிலும், பூடோங் 31.1 பாகையிலும் அமைந்துள்ளன. தீர்க்கரேகை வேறுபாடு 0.6 பாகை மட்டுமே. ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கி.மீ. என்பதால், தாளும் பேனாவும் கொண்டே விடையைப் பெற்றுவிடலாம். இரு நகரங்களும் ஒரே நேர வலயத்தில் (ஒ.ச.நே. + 8) உள்ளன, எனவே பயணச்சீட்டிலுள்ள புறப்பாட்டு, வருகை நேரங்களைக் கழித்தாலே பயண நேரம் கிடைக்கும்.

மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் இத்தூரத்தைக் கடக்க 48 நிமிடங்கள் போதும். ஆனால் மேலேறுதல், கீழிறங்குதல், ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லுதல், ஷாங்காயின் நெரிசல் மிக்க வான்பரப்பில் காத்திருத்தல் ஆகியன சேர்ந்து நேரம் இரட்டிப்பாகிறது. குறுந்தொலைவுப் பயணங்கள் அனைத்திற்கும் இது பொருந்தும். குளிர்காலத்தில் இப்பகுதியில் வீசும் வலுவான மேலைக்காற்று, வடக்கு-தெற்காகச் செல்லும் இவ்வழித்தடத்திற்குப் பக்கக்காற்றாகவே அமைகிறது. இதனால் போகும் நேரத்திற்கும் திரும்பும் நேரத்திற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஹாங்காங் வழியான சுற்றுப்பாதை

1949க்குப் பின் தைவான் நீரிணையின் இரு கரைகளுக்கும் இடையே நேரடி விமானப் போக்குவரத்து இல்லை. பயணிகள் பெரும்பாலும் ஹாங்காங்கிலோ மக்காவுவிலோ விமானம் மாறினர். தைப்பே – ஹாங்காங் சுமார் 805 கி.மீ., ஹாங்காங் – ஷாங்காய் சுமார் 1,255 கி.மீ., ஆக மொத்தம் 2,060 கி.மீ. வடக்கே செல்ல வேண்டியவர் முதலில் தென்மேற்கே சென்றார். காத்திருப்பையும் சேர்த்தால் அரை நாள் இதிலேயே கழிந்துவிடும்.

சீனாவில் தொழில் நடத்திய தைவானியர் சந்திரப் புத்தாண்டுக்கு ஊர் திரும்புவதற்காக 2003 சனவரியில் சிறப்பு விமானங்கள் இயக்கப்பட்டன. சனவரி 26 அன்று சைனா ஏர்லைன்ஸ் விமானம் பூடோங்கில் இறங்கியது. 1949க்குப் பின் சீனப் பெருநிலப்பகுதியில் முறைப்படி இறங்கிய முதல் தைவானிய பயணிகள் விமானம் இதுவே. எனினும் அது வழியில் ஹாங்காங்கில் தரைதொட வேண்டியிருந்தது. 2005 புத்தாண்டு விமானங்களுக்குத் தரைதொடும் கட்டாயம் நீங்கியது. ஹாங்காங் வான்பரப்பினுள் நுழைந்து வெளியேறினால் போதும் என்றாயிற்று. 2008 சூலை 4இல் தொடங்கிய வார இறுதி விமானங்களும் அவ்வாறே வளைந்து சென்றன.

நேரடி வழித்தடம்

2008 நவம்பரில் தைப்பேயில் கையெழுத்தான உடன்பாட்டின்படி, டிசம்பர் 15 முதல் விமானங்கள் ஹாங்காங் வான்பரப்பைத் தொடாமல் கிழக்குச் சீனக் கடல் மீது நேரே பறக்கத் தொடங்கின. தைப்பே, ஷாங்காய் கட்டுப்பாட்டு மையங்கள் விமானங்களைத் தமக்குள் நேரடியாகக் கைமாற்றிக்கொண்டன. இதனால் பறக்கும் நேரம் சுமார் ஒரு மணிநேரம் குறைந்தது. 2009 ஆகத்து 31 முதல் இவை வழக்கமான கால அட்டவணைச் சேவைகளாயின.

2010 சூன் 14இல் தைப்பேயின் சொங்ஷான், ஷாங்காயின் ஹொங்சியாவ் நிலையங்களுக்கு இடையே சேவை தொடங்கியது. தொலைவு சுமார் 680 கி.மீ.; பூடோங் வழியை விடச் சற்று அதிகம். ஆயினும் இரு நிலையங்களும் நகரை ஒட்டியே இருப்பதால், வீட்டிலிருந்து வீடு சேரும் நேரம் இதில் குறைவு.